நாலு போதுமாம்

வெங்காயம் நறுக்குவதற்குக் கோபம் எதற்கு? ஆனால் அன்று மாலை கேட்டக்கா நறுக்கிய வேகத்தில் பலகை பிளக்காமல் தப்பியதே பெரிய விஷயம். கண்ணில் வழிந்ததை வெங்காயத்தின் மேல் பழி போட்டுவிடலாம். அவள் போடவில்லை.

"வெங்காயத்தால வர்ற கண்ணீர்னு நெனச்சுடாதீங்க. வயித்தெரிச்சல்ல வருது," என்று சமையலறை வாசலில் நின்ற புருஷனிடம் சொல்லியே விட்டாள்.

கேட்டக்கா என்று அவளுக்குப் பெயர் வைத்தவர்கள் லாரி டிரைவர்கள். கிடங்கின் கேட்டை ஒட்டி ஒரு மேசையும் ஒரு மின்விசிறியும் மட்டும் கொள்கிற அறை உண்டு. அதில் உட்கார்ந்து, வருகிற லாரியின் எண்ணையும் நேரத்தையும் நோட்டில் எழுதுவது ஒன்பது வருஷமாக அவள் வேலை. உள்ளே, லாரியிலிருந்து சரக்கை இறக்கி அடுக்குகிற ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன் அவள் புருஷன். நின்ற இடத்திலேயே வண்டியைச் சுழற்றித் திருப்புவதால் அவனுக்குப் பம்பரம் என்று பெயர். அவளுடைய தம்பிக்கும் அங்கேயே அதே வேலைதான். அவனோ ஒவ்வொரு மூலையிலும் நின்று, ஹார்ன் அடித்து, இரண்டு பக்கமும் பார்த்து, அப்புறம்தான் நகர்வான். அவனுக்குப் பொறுமை என்று பெயர் வைத்திருந்தார்கள். கிண்டலாகத்தான்.

மூன்று பேரும் ஒரே வீடு. பின்னறையில் தம்பியும் அவன் மனைவியும். அவளுக்கு இது ஏழாவது மாதம். கால் வீங்கி, சுவரில் தலையணை வைத்துச் சாய்ந்தபடியே இருந்தாள்.

அன்று மதியம் கிடங்கின் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள். கிடங்குக்கு ஆறு ஃபோர்க்லிஃப்ட் தேவையில்லை, நாலு போதும். இரண்டு வண்டிகள் திருப்பி அனுப்பப்படும். கடைசியாக வேலையில் சேர்ந்த இரண்டு ஓட்டுநர்களுக்கு மாசக் கடைசியோடு வேலை இல்லை. அந்த இரண்டு பேரில் ஒருவன் பொறுமை.

"எப்படிங்க நாலு போதும்? காலையில அந்த ரோட்டப் பாத்திருக்கீங்களா? லாரி வரிசை முக்கு தாண்டி நிக்குது. ஆறு வண்டியும் மூச்சு விடாம ஓடியும் மத்தியானம் வரைக்கும் இறக்கி முடியல. நாலாம்! எவன் போட்ட கணக்கு இது?"

பம்பரம் தரையைப் பார்த்தான். அவன் தரையைப் பார்க்கிற ஆள் இல்லை. அதிலேயே அவளுக்குப் பாதி புரிந்துவிட்டது.

"சொல்லுங்க. அந்த மனுஷன் கழுத்துல கடிகாரத்தத் தொங்கப் போட்டுக்கிட்டு மூணு நாளு உள்ள சுத்தினாரே, அப்ப என்ன நடந்துச்சு?"

நடந்தது இதுதான். தலைமை அலுவலகம் அனுப்பிய கடிகாரக்காரர், ஒரு பேலட்டை லாரியிலிருந்து எடுத்து அடுக்கில் வைத்துத் திரும்பிவர எத்தனை நேரம் ஆகிறது என்று அளக்க வந்தார். பேலட் என்பது சரக்கைக் கட்டி வைக்கிற மரச்சட்டம். "உங்கள்ல நல்லா ஓட்டுறவர் யாரோ அவர் ஓட்டட்டும்" என்றார். மற்றவர்கள் ஒரே குரலில் பம்பரத்தைக் கை காட்டினார்கள். கிடங்கின் மானமே அவன் கையில் இருப்பதுபோல ஆகிவிட்டது. மற்ற ஐந்து பேரும் தங்கள் வண்டிகளைச் சுவரோரம் ஒதுக்கி வழிவிட்டார்கள். பேலட்டுகளை, வண்டியின் இரும்பு முள் நேராக நுழைகிற மாதிரி முன்கூட்டியே வரிசையாக நிறுத்தி வைத்தார்கள். பம்பரம் பெல்ட் போடவில்லை, மூலையில் நிற்கவில்லை, ஹார்ன் அடிக்கவில்லை. சரக்கைத் தூக்கின உயரத்திலேயே வைத்துக்கொண்டு பறந்தான். இரண்டு நிமிஷம். அடுத்தது இரண்டு நிமிஷத்துக்கும் குறைவு. கடிகாரக்காரர் புருவத்தைத் தூக்கினார். சுவரோரம் நின்றவர்கள் கை தட்டினார்கள்.

"கை தட்டினாங்களா!" கேட்டக்கா கத்தியை வைத்துவிட்டாள். கையில் இருக்கக்கூடாது என்றுதான் வைத்தாள். "ஆறு பேரும் சேர்ந்து நின்னு, உங்க வேலைக்கு நீங்களே ஆப்பு வச்சுட்டு, அதுக்குக் கைதட்டு வேறயா?"

"வேகமாப் பண்ணினா மெச்சுவாங்கன்னு நெனச்சேன். நல்ல கிடங்கு, நல்ல ஆளுங்க, இவங்கள விடக்கூடாதுன்னு எழுதுவாருன்னு..."

"எழுதினாரே! இவ்வளவு நல்ல ஆளுங்களா இருந்தா எதுக்கு ஆறு பேருன்னு எழுதினாரு. ஒரு நாளைக்கு அறுநூறு பேலட்டு. ஒண்ணுக்கு ரெண்டு நிமிஷம். மொத்தம் ஆயிரத்து இருநூறு நிமிஷம். ஒரு வண்டி ஒரு நாளைக்கு நானூத்தி இருபது நிமிஷம் ஓடும். மூணு வண்டி போதும், உபரிக்கு ஒண்ணு, ஆக நாலு. தாள்லயே போட்டிருக்கான். தெனமும் அப்படியா ஓட்டுறீங்க நீங்க?"

"தெனமும் அப்படி ஓட்டினா ஒரு வாரத்துல யாரையாவது ஏத்திடுவேன்."

"அத அந்த ஆளுகிட்டச் சொன்னீங்களா?"

சொல்லவில்லை. அவன் மார்பு அப்போது அத்தனை விரிந்திருந்தது, சொல்ல இடம் ஏது?

பின்னறைக் கதவு திறந்தது. தம்பி வந்தான். கையில் மடித்த தாள். சண்டையைக் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறான். ஆனாலும் அவன் குரலில் சூடு இல்லை.

"அக்கா, மாமாவ விடு. பேலட்டுகள நேரா நிறுத்தி வச்சதே நான்தான்."

"நீயுமா?"

"மாமா ஜெயிக்கணும்னு நெனச்சேன்." அவன் சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. "மூணரை நிமிஷம்னு போட்டிருந்தா அஞ்சும் ஒண்ணும் ஆறு வந்திருக்கும். நான் போட்டுப் பாத்துட்டேன். ஆனா அது மட்டும் இல்லக்கா. பலகையில ஒட்டினது முதல் தாள்தான். எனக்குக் குடுத்த கடுதாசியோட முழுசும் வச்சிருக்காங்க. ரெண்டாவது பக்கத்தப் பாரு."

ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். இரண்டாவது பக்கத்தின் நடுவில் ஒரு வரி. 'லாரிகள் காத்திருக்கும் நேரம்: இல்லை. நாள் முழுவதும் சீராக வருகின்றன. ஆதாரம்: வாயில் பதிவேடு, ஒன்பது ஆண்டுகள்.'

வாயில் பதிவேடு. அவளுடைய நோட்டு. அவளுடைய கையெழுத்து.

விஷயம் இதுதான். லாரிகள் காலை ஆறரைக்கே வந்து ரோட்டில் நிற்கும். இடம் காலியானால்தான் கேட் திறக்கும். கேட் திறந்து உள்ளே வரும்போதுதான் கேட்டக்கா நோட்டில் நேரம் எழுதுவாள். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் வந்த நேரத்தைத்தான் எழுதினாள். மேனேஜர் வந்து பார்த்துவிட்டு, "ரோட்டுல நிக்கிற லாரிக்கு நாம பொறுப்பில்லம்மா, கேட்டுக்குள்ள வந்தப்புறம்தான் அது நம்ம லாரி" என்றார். அதிலிருந்து அப்படியே எழுதிப் பழகிவிட்டாள். காலை ஏழு மணிக்கு வந்த இருபது லாரி, நோட்டில் எட்டு மணி, எட்டரை, ஒன்பதே கால், பதினொன்று, பன்னிரண்டரை என்று நாள் முழுக்கப் பரந்து கிடந்தது. கோடு போட்டு, எண் போட்டு, ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதியிருந்தாள். அவள் நோட்டின் சுத்தத்தைப் பார்த்து ஆடிட்டர்கள் பாராட்டியதுண்டு. அப்போது அவளுக்கும் உச்சி குளிர்ந்ததுண்டு.

அடுப்பில் சோறு பொங்கி வழிந்தது. யாரும் அணைக்கவில்லை. கடைசியில் பம்பரம்தான் போய் அணைத்தான்.

"நான் காட்டினது மூணு நாளுதான். நீ..." என்று ஆரம்பித்தவன், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். புத்தியுள்ளவன்.

இரவு எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். கோபத்தைப் பிறர் மேல் கொட்டுவது சுலபம், தட்டில் போட்டுத் தானே தின்பதுதான் கஷ்டம். கேட்டக்கா அன்றைக்கு அதைத்தான் தின்றாள்.

மறுநாள் காலை ஆறரைக்கு அவள் கேட் அறையில் உட்காரவில்லை. நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ரோட்டுக்குப் போனாள். பனி விலகவில்லை. லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து, விளக்கை அணைத்து, வரிசையில் நின்றன. டிரைவர்கள் கதவைத் திறந்து காலைத் தொங்கப் போட்டார்கள். ஒருவர் சக்கரத்துக்குப் பின்னால் ஸ்டவ் மூட்டி டீ போட்டார். மீசை முழுக்க நரைத்த டிரைவர் ஒருவர் அவளைப் பார்த்துக் கண்ணைக் கசக்கிக்கொண்டார்.

"என்னக்கா இது அதிசயமா இருக்கு? ஒன்பது வருஷமா கேட்டுக்குள்ள வந்தப்புறம்தான் நாங்க உன் கண்ணுக்குத் தெரிவோம். இன்னிக்கு நீயே ரோட்டுக்கு வந்துட்டே?"

"நம்பரச் சொல்லுங்க. எத்தன மணிக்கு வந்தீங்க?"

"எழுதப் போறியா? நெஜமாவா?" அவர் இறங்கியே வந்துவிட்டார். "ஆறு அம்பது. எழுது. நேத்து ஆறு நாப்பதுக்கு வந்து பன்னெண்டுக்கு உள்ள போனேன். அஞ்சு மணி நேரம் இருபது நிமிஷம். ஒண்ணுக்குப் போக ஒரு மறைவு கிடையாது இந்த ரோட்டுல. நாங்க என்ன மாடா? உன் நோட்டுல பன்னெண்டு மணிக்கு வந்தேன்னு போட்டே. சரக்கு லேட்டுன்னு எங்க மொதலாளி மாசாமாசம் என் சம்பளத்துல பிடிக்கிறான். தெரியுமா உனக்கு அது?"

அவளுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் இல்லை. பேனாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"திட்டணும்னா திட்டிக்குங்கண்ணே. ஆனா நேரத்தச் சரியாச் சொல்லுங்க."

"திட்டி என்ன ஆகப்போகுது? பின்னாடி நிக்கிறவன் ஆறு அம்பத்தஞ்சுக்கு வந்தான், அவன் தூங்குறான், எழுப்பாத, நான் சாட்சி."

அன்றைக்கு ஒன்பது மணிக்குள் முப்பத்தொரு லாரி எழுதினாள். வந்த நேரம் ஒரு கட்டம், உள்ளே போன நேரம் ஒரு கட்டம். இடையில் புதிதாக ஒரு கோடு கிழித்தாள். ஒன்பது வருஷ நோட்டில் அது முதல் கோணல் கோடு.

உள்ளே இன்னொரு அதிசயம். பம்பரம் வண்டியில் ஏறுமுன் சுற்றிவந்து டயரைத் தட்டிப் பார்த்தான், சங்கிலியைப் பார்த்தான், பெல்ட்டை மாட்டினான். ஒவ்வொரு மூலையிலும் நின்றான், ஹார்ன் அடித்தான், சரக்கைத் தாழ்த்தி நகர்ந்தான். "என்ன பம்பரம், சாட்டை அறுந்துபோச்சா?" என்று கூட இருந்தவர்களே சிரித்தார்கள். அவன் காது சிவந்தது. கேட்டிலிருந்து பார்த்த அவளுக்கும் அது தெரிந்தது. அவள் சொல்லி அவன் செய்யவில்லை. சொல்லியிருந்தால் செய்திருக்கவும் மாட்டான். அந்த ஹார்ன் சத்தத்தைக் கேட்டு அவள் கோபம் ஒரு விரல்கடை இறங்கியது. ஒரே ஒரு விரல்கடைதான்.

ஐந்து நாள் எழுதினாள். ஆறாம் நாள் மேனேஜர் கூப்பிட்டார். கடிகாரக்காரரும் வந்து உட்கார்ந்திருந்தார். வண்டிகள் ஏன் மெதுவாக ஓடுகின்றன என்று கேட்கப் பம்பரத்தையும் வரச் சொல்லியிருந்தார்கள்.

"என்னம்மா இது? யாரு உன்ன ரோட்டுல போய் எழுதச் சொன்னது?"

"நான் பண்ணின தப்பத் திருத்துறேன் சார். அஞ்சு நாளு கணக்கு இருக்கு. காலையில மூணு மணி நேரத்துக்குள்ள இறக்க வேண்டியது மட்டும் முந்நூத்தி அறுபது பேலட்டு. ஒழுங்கா ஓட்டினா ஒண்ணுக்கு மூணரை நிமிஷம். உபரி இல்லாமலே ஏழு வண்டி வேணும். நாலும் இல்ல, ஆறும் இல்ல, ஏழு."

"ஏழா?" மேனேஜர் சிரித்தார். "நாலு போதும்னு முடிவானப்புறம் ஏழு கேக்குற?"

கடிகாரக்காரர் நோட்டை வாங்கிப் புரட்டினார். நிதானமான மனிதர், சட்டைப்பையில் மூன்று பேனா. "எனக்குக் கொடுத்த எண்ணை வச்சுத்தான் நான் கூட்டினேன். பழைய பதிவேடு வேற சொல்லுது, இது வேற சொல்லுது," என்றார்.

"எண்ணு குடுத்தா ஆளப் பாக்க மாட்டீங்களா சார்? மூணு நாளும் அந்த லாரி வரிசையத் தாண்டித்தானே உள்ள வந்தீங்க? அதெல்லாம் கண்ணுல படலயா? இவரு பெல்ட்டு போடாம பறந்தாரே, நாளைக்கு இவரு யாரையாவது நசுக்கினா அதுக்கும் எண்ணு குடுப்பீங்களா?"

கடிகாரக்காரர் தலை குனிந்தார். பம்பரம் ஒரு அடி முன்னால் வந்தான். "நான் அன்னிக்கு ஓட்டினது வித்தை சார். வேலை இல்ல. இப்ப ஓட்டுறதுதான் வேலை. இத அளங்க."

மேனேஜர் நாற்காலியில் சாய்ந்தார். "சரி, ஒத்துக்கறேன். இந்த நோட்டு உண்மை. அப்ப ஒன்பது வருஷ நோட்டு பொய்யா?"

"பொய்தான்," என்றாள் கேட்டக்கா.

"உன் கையெழுத்து போட்ட பொய். இதத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பணும்னா, பழசு பொய்னு நீ எழுதிக் குடுக்கணும். அப்புறம் என்ன ஆகும்னு உனக்கே தெரியும். இல்லன்னா, இந்த அஞ்சு நாளு நோட்டக் கிழிச்சுப் போட்டுட்டு வழக்கம்போல எழுது. உன் வேலை உனக்கு."

"கேட் தொறந்தப்புறம் எழுதுன்னு சொன்னது நீங்க சார்."

"அப்படி நான் எழுதிக் குடுத்த தாள் ஏதாவது இருக்கா?"

இல்லை. வாயால் சொன்னதற்குத் தாள் ஏது? அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். பயத்தில் என்று மேனேஜர் நினைத்திருப்பார். நினைத்துக்கொள்ளட்டும்.

"வேண்டாம்மா. வா, போலாம்," என்று பம்பரம் அவள் முழங்கையைத் தொட்டான். அவள் கையை உதறினாள்.

"தாளு குடுங்க சார்."

எழுதினாள். 'ஒன்பது வருஷமாக லாரி வந்த நேரத்தை எழுதாமல் உள்ளே போன நேரத்தை எழுதியிருக்கிறேன். அது தவறு. மேனேஜர் வாயால் சொல்லி எழுதினேன். வாயால் சொன்னதை நம்பியது என் புத்தி.' கையெழுத்து போட்டாள். மூன்றாவது வாக்கியத்தை அடிக்கச் சொன்னார் மேனேஜர். "என் நோட்டுல அடித்தல் திருத்தல் கிடையாது சார், கேட்டுப் பாருங்க," என்று சொல்லித் தாளைக் கடிகாரக்காரர் கையில் கொடுத்துவிட்டு வெளியே வந்தாள்.

மாசக் கடைசிக்கு முதல் நாள் பதில் வந்தது. பழையபடி ஆறு வண்டி. ஓட்டுநர் யாரும் போக வேண்டியதில்லை. அதே தாளின் கீழே, பதிவேட்டில் பொய் எழுதிய கேட் எழுத்தருக்கு நாளை முதல் வேலை இல்லை. மேனேஜரைப் பற்றி அதில் ஒரு எழுத்து கிடையாது.

அன்று மாலை தம்பி சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதான். பெரிய ஆம்பளை, தோள் குலுங்க அழுதான். அவன் மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் நின்றாள்.

"என்னாலதானக்கா..."

"எழுந்திரு. உன்னால இல்ல. நான் எழுதினதுக்கு நான் போறேன். எழுதச் சொன்னவன் ஏசி ரூம்ல உக்காந்திருக்கான், அதுதான் எனக்கு ஆறல. கண்ணத் துடைச்சுட்டு நாளைக்கு நேரத்துக்குப் போ." அவனைத் தூக்கிவிட்டாள். தூக்கிவிட்டவள் சும்மா இருந்தாளா? இல்லை. "ஆறாம்! நான் சொன்னது ஏழு. ஆறுன்னு பிச்சை போட்டிருக்கான். எழுத்தரத் தூக்கினா வரிசை கொறஞ்சுடுமா?"

மறுநாள் அவளுக்குப் பொழுதே போகவில்லை. வீட்டைக் கழுவினாள், துவைத்ததையே மறுபடி துவைத்தாள். தம்பி மனைவிக்கு வெந்நீரில் காலை நனைத்து, வலிக்கிற அளவுக்கு அழுத்திவிட்டாள். ஆறரைக்கு லாரி வந்திருக்கும், ஏழுக்கு வரிசை முக்கு தாண்டியிருக்கும் என்று கை தானாகக் காற்றில் கோடு கிழித்தது.

பம்பரம் மாலையில் வந்தான். செருப்பைக் கழற்றும்போதே அவன் முகத்தில் ஏதோ இருந்தது.

"உன் நாற்காலியில புதுசா ஒரு ஆளப் போட்டிருக்காங்க. பழையபடி எழுதச் சொல்லி மேனேஜரே பக்கத்துல நின்னாரு."

"நின்னிருப்பாரு. வேற என்ன?"

"மொத லாரி உள்ள வந்துச்சு. அந்த நரைச்ச மீசைக்காரரு. எட்டு அஞ்சுன்னு புது ஆளு எழுதினான். அவரு கேட்லயே லாரிய நிறுத்தி சாவியப் பிடுங்கிட்டாரு. 'ஆறு நாப்பதுக்கு வந்தேன். எழுதினாத்தான் எடுப்பேன்'ன்னாரு. உள்ளயும் போக முடியல, வெளியவும் வர முடியல. மேனேஜர் கத்தினாரு. அவரு இறங்கி, சக்கரத்துப் பக்கத்துல உக்காந்து டீ போட ஆரம்பிச்சுட்டாரு."

கேட்டக்கா கையில் இருந்த துணியைக் கீழே வைத்தாள். "அப்புறம்?"

"எழுதினாங்க. எழுதாம என்ன பண்றது? அடுத்தவரும் அதேதான். கேட்டுல வந்து நிப்பாட்டுறது, சாவிய எடுக்குறது, கேட்டக்கா எழுதின மாதிரி எழுதுங்குறது."

"எத்தன பேரு?"

"எல்லாரும்."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அழப்போகிறாள் என்று பம்பரம் நினைத்து அருகில் வந்தான். அவள் அழவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அவன் சட்டைப் பொத்தானைப் பிடித்து இழுத்தாள்.

"பெல்ட்டு போட்டீங்களா?"

"போட்டேன்."

"மூலையில நின்னீங்களா?"

"நின்னேன்டி, எல்லா மூலையிலயும் நின்னேன்."

"நாளைக்கும் நில்லுங்க. அவனுங்க எழுதட்டும், ஒரு மாசம் எழுதட்டும். கூட்டிப் பாத்தா ஏழுதான் வரும்."